'சாப்' என்றால் சாறா, மம்பட்டியா? ஓர் ஆங்கிலச் சொல்லின் வேரைத் தோண்டிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

எஸ், ஏ, பி. மூன்றே எழுத்து. உச்சரிப்பு 'சாப்'புக்கும் 'சேப்'புக்கும் நடுவில் எங்கோ நிற்கும். இங்கே 'சாப்' என்றே எழுதிவிடுகிறேன். வெயில் ஒருவனுடைய தெம்பைச் சாப் செய்தது, நீண்ட நோய் அவளுடைய மன உறுதியைச் சாப் செய்தது என்கிற மாதிரி வாக்கியங்களில் இந்தச் சொல் வரும். பலவீனப்படுத்துவது, இருக்கிற வலுவை இல்லாமல் ஆக்குவது என்று பொருள்.

இதை நான் பத்து வருடம் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் என்கிற ஊரில் என் வீட்டு முன்கூடத்தில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். நான்காம் படிவம், ஐந்தாம் படிவப் பிள்ளைகள். பாதிப் பேர் சுற்றியிருக்கிற தோட்டங்களிலிருந்து வருகிறார்கள், மீதிப் பேர் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது ஊர்க் குடியிருப்புக்கு வந்துவிட்ட குடும்பங்கள். என் அப்பா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். பள்ளி விடுமுறையில் நானும் அவர் பின்னாலேயே போய், வெட்டில் உறைந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலை உரித்து வாளியில் போட்டிருக்கிறேன். அந்த நினைப்பில்தான், 'சாப்' வந்ததும் விளக்கம் தானாக வாயில் வந்துவிட்டது: "சாப் என்றால் மரத்துக்குள் ஓடும் சாறு. பால் மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டி வெட்டிப் பாலை எடுத்தால் மரம் பலவீனமாகும் இல்லையா? அதுதான் சாப்." பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடித்துவிடும். எனக்கும் பெருமையாக இருக்கும்.

ஒருநாள் ஒரு பெண் பிள்ளை வந்து, "டீச்சர், நீங்க சொன்னதை வீட்ல சொன்னேன். பாட்டி ஒத்துக்க மாட்டேங்கிறாங்க" என்றாள். பாட்டி முப்பது வருடம் பால்வெட்டியவர். ஒழுங்காக வெட்டினால் மரம் இருபத்தைந்து வருடம் பால் கொடுக்கும், அதில் என்ன பலவீனம், கத்தி ஆழமாகப் போய்ப் பட்டைக்குள் காயம் பட்டால்தான் மரம் கெடும், உங்க டீச்சர் மரம் வெட்டினதே இல்லையா என்று கேட்டாராம்.

நியாயமான கேள்வி. அன்று இரவுதான் அந்தச் சொல்லை அகராதியில் முழுசாகப் படித்தேன். அன்று போன வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கையில் ஒரு போனும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். மற்ற சொற்களுக்கும் இதே வழியில் போகலாம்.

படி 1: சொல்லைத் தனியாகப் பிடிக்காதீர்கள், வாக்கியத்தோடு பிடியுங்கள்

முதலில் அகராதி வேண்டாம். அந்தச் சொல் வருகிற ஐந்தாறு வாக்கியங்களைத் தேடி ஒரு தாளில் எழுதுங்கள். செய்தித்தாள், கதைப் புத்தகம், பழைய தேர்வுத் தாள் எதுவானாலும் சரி. எழுதிய பிறகு இரண்டே கேள்வி. யார் சாப் செய்கிறார்கள்? எது சாப் ஆகிறது?

நான் எழுதிப் பார்த்தபோது முதல் கேள்விக்கு வெயில், நோய், கவலை, கடன், நீண்ட காத்திருப்பு என்று வந்தது. இரண்டாவதற்குத் தெம்பு, தன்னம்பிக்கை, உற்சாகம், மன உறுதி, சேமிப்பு. இதைப் பார்த்தாலே பாதி பொருள் விளங்கிவிடும். குத்துச்சண்டையில் ஒரே குத்தில் விழுந்தவனின் பலத்தை யாரும் சாப் செய்ததாகச் சொல்வதில்லை. மெதுவாக நடக்க வேண்டும். நடப்பது வெளியே தெரியாமல் இருக்க வேண்டும். கயிறு, நாற்காலி மாதிரிப் பொருளுக்கு இந்தச் சொல் பொருந்தாது. உயிருள்ள ஒன்றுக்குள்ளோ, ஒரு கூட்டத்துக்குள்ளோ, ஓர் அமைப்புக்குள்ளோ இருக்கிற வலுவுக்குத்தான் பொருந்தும்.

நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அவர்கள் ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் மலாய் அகராதியைப் பார்ப்பார்கள். 'வீக்கன்' என்று தேடினாலும் 'சாப்' என்று தேடினாலும் பெரும்பாலும் கிடைப்பது 'மெலெமாஹ்கான்'தான். அதைத் தமிழில் நினைத்தால் எல்லாமே 'பலவீனப்படுத்து'. அப்புறம் கட்டுரையில் எதை எங்கே போட்டாலும் ஒன்றுதானே என்று போட்டுவிடுவார்கள். ஒன்று இல்லை. காப்பியில் தண்ணீர் கலந்தால் அது சாப் ஆகாது, அதற்கு 'டைலூட்' என்று வேறு சொல் இருக்கிறது.

படி 2: தலைக்கு மேல் இருக்கிற குட்டி எண்ணைப் பாருங்கள்

நான் பத்து வருடம் சறுக்கிய இடம் இதுதான். நல்ல ஆங்கில அகராதியில் 'சாப்' என்று தேடினால் ஒரு பதிவு மட்டும் வராது. சொல்லின் ஓரத்தில் 1, 2, 3 என்று குட்டி எண் போட்டுத் தனித்தனிப் பதிவாக இருக்கும். ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் அவற்றை ஒரே பதிவுக்குள் வரிசையாகக் கொடுப்பார்கள். தனிப் பதிவாகப் பிரித்து எண் போட்டால், இவை வெவ்வேறு சொற்கள், எழுத்து மட்டும் ஒன்றாக அமைந்துவிட்டது என்று பெரும்பாலும் அர்த்தம்.

தமிழில் இது நமக்குப் பழக்கம்தான். 'படி' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுகிற படி, புத்தகம் படி, அரிசி அளக்கிற படி, 'சொன்னபடி'யில் வருகிற படி. யாராவது வந்து, படியில் உட்கார்ந்து படித்ததால்தான் படிப்புக்கு அந்தப் பெயர் வந்தது என்றால் சிரிப்போம். ஆங்கிலத்தில் அதே வேலையை நான் செய்துகொண்டிருந்தேன்.

'சாப்' மூன்றாகப் பிரிகிறது. முதலாவது, செடிக்குள் ஓடும் சாறு. இரண்டாவது, தோண்டுவது, அதிலிருந்து பலவீனப்படுத்துவது. மூன்றாவது, ஏமாளி, முட்டாள் என்கிற பேச்சு வழக்கு. மூன்றாவதை ஒரே வரியில் முடித்துவிடலாம். மரத்தின் வெளிப்பக்கம் மெத்தென்று இருக்கிற, சாறு ஓடுகிற கட்டையின் பெயரிலிருந்து வந்தது அது. மண்டைக்குள் வைரம் பாய்ந்த கட்டை இல்லை, மெத்துக் கட்டைதான் என்று கேலி. நாம் களிமண் என்போம்.

பலவீனப்படுத்தும் பொருள் முதலாவதில் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. சாற்றோடு இல்லை, தோண்டுவதோடு. இதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. பத்து வருடப் பிள்ளைகள்!

படி 3: பிறப்பு வரியை வாசியுங்கள்

பெரிய அகராதிகளில் பொருளுக்கு முன்போ பின்போ அடைப்புக்குள் ஒரு வரி இருக்கும். சொல் எந்த மொழியிலிருந்து எந்த வழியாக வந்தது என்று சுருக்கெழுத்தில் சொல்லும் வரி அது. பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுவார்கள். வாசிக்கத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். ஓ-ஈ என்று இரண்டு எழுத்து இருந்தால் பழைய ஆங்கிலம், அதாவது சுமார் 1100க்கு முன் இங்கிலாந்தில் பேசியது. எஃப் அல்லது எஃப்-ஆர் என்றால் பிரெஞ்சு. எல் என்றால் லத்தீன். அம்புக்குறி மாதிரி ஒன்று இருந்தால் 'இதிலிருந்து வந்தது' என்று படியுங்கள். ஒரு வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் கவனம் தேவை. அந்த வடிவம் எங்கும் எழுதிக் கிடைக்கவில்லை, உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் கட்டி எழுப்பியது என்று பொருள். நட்சத்திரம் போட்டால் மதிப்பு அதிகம் என்று என் மாணவன் ஒருவன் நினைத்துக்கொண்டிருந்தான். நேர் எதிர்.

சாறு 'சாப்', பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. டச்சு மொழியில் இன்றும் பழச்சாற்றுக்கு 'சாப்' என்றுதான் பெயர். ஜெர்மன் மொழியில் 'ஸாஃப்ட்'. ஆக, அது அந்தக் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. இதோடு ஒரு வால் சேர்ந்ததுதான் 'சாப்லிங்', மரக்கன்று. நமக்கு இது ரொம்பப் பக்கத்துச் சொல். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள், அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக, அதாவது சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் ஆங்கிலேய அதிகாரியாக இருந்தவர் ஹியூ லோ. அந்த ஒன்பதில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டினேன், எல்லாரும் மரத்தைவிட ஐஸ் கச்சாங்கைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

தோண்டும் 'சாப்' வேறு வழியாக வருகிறது. பிரெஞ்சில் 'சாப்பே' என்கிற வினைச்சொல், அதற்கு முன் இத்தாலிய மொழியில் 'ஸாப்பா'. ஸாப்பா என்றால் என்ன தெரியுமா? மம்பட்டி. நம் ஊரில் மலாய்க்காரர்களோடு சேர்ந்து சங்கோல் என்கிறோமே, அதுதான். மனிதனின் தெம்பை மெல்லக் கரைக்கிற அந்த நாசூக்கான ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் ஒரு மம்பட்டி.

ஏன் இத்தாலி, ஏன் பிரான்ஸ் என்று கேட்க வேண்டும். பீரங்கி வந்த பிறகு பழைய உயரமான மதில்கள் தாங்கவில்லை. தாழ்வாகவும் தடிமனாகவும் கோணம் கோணமாகவும் புதுவிதக் கோட்டைகளை முதலில் கட்டியவர்கள் இத்தாலியப் பொறியாளர்கள். அதை வளர்த்தெடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அதனால் ஆங்கிலத்தில் கோட்டை சம்பந்தப்பட்ட சொற்களில் பல அந்த வழியாகவே வந்தன. 'பாஸ்டியன்', 'பாரபெட்', 'சிட்டடல்' எல்லாம் இத்தாலியக் கூட்டம். 'சாப்' அதே வண்டியில் ஏறி 16ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஆங்கிலத்துக்குள் வந்து இறங்கியது. ஒரு சொல்லின் பிறப்பு சரியா என்று பார்க்க, அதோடு வந்த மற்ற சொற்களைப் பார்ப்பது நல்ல வழி.

படி 4: அந்த வேலையை நேரில் பார்ப்பது போலக் கற்பனை செய்யுங்கள்

மம்பட்டியில் தொடங்கிய சொல் மனச்சோர்வுக்கு எப்படிப் போனது என்று புரிய, அந்தக் காலத்து முற்றுகை எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். நம் இலக்கணத்தில் கோட்டையை முற்றுகையிடுவதற்கு உழிஞை என்று ஒரு திணையே இருக்கிறது, ஆகவே நமக்கு இது புதுக் கதை இல்லை.

கோட்டைக்குள் எதிரி இருக்கிறான், மதில் மேல் பீரங்கி. வெட்டவெளியில் ஓடினால் நெருங்குவதற்குள் பாதிப் படை செத்துவிடும். அதனால் ஓடுவதில்லை, தோண்டுவார்கள். பீரங்கிக் குண்டு சரியாக எட்டாத தூரத்தில் தொடங்கிக் கோட்டையை நோக்கிப் பள்ளம் வெட்டிக்கொண்டே போவார்கள். வெட்டிய மண்ணை எதிரி இருக்கிற பக்கம் கொட்ட, அது தடுப்பாகிவிடும். முன்னால் போகிறவன் முழங்கால் போட்டபடி, மண் நிரப்பிய பெரிய கூடை ஒன்றைக் கேடயம்போல வைத்துக்கொண்டு சின்னதாக வெட்டுவான். பின்னால் வருபவர்கள் அகலத்தையும் ஆழத்தையும் கூட்டிக்கொண்டே வருவார்கள். பள்ளம் நேராகப் போகாது. நேராகப் போனால் மதிலிலிருந்து ஒரு குண்டு விட்டாலே பள்ளத்தின் நீளத்துக்கும் பாயும். அதனால் வளைத்து வளைத்து, மலைப்பாதை மாதிரி. இந்தப் பள்ளத்துக்குத்தான் 'சாப்' என்று பெயர். வெட்டுகிற சிப்பாய்க்கு 'சாப்பர்'.

இதை ஒரு கணக்காகவே ஆக்கியவர் பிரெஞ்சு மன்னன் 14ஆம் லூயியின் பொறியாளர் வோபான். 1673இல் மாஸ்ட்ரிக்ட் நகர முற்றுகையில், வளைந்து போகிற பள்ளங்களைக் கோட்டைக்கு இணையாக ஓடுகிற நீண்ட பள்ளங்களோடு இணைத்துக் கட்டம் கட்டமாக நெருங்கினார். இரண்டு வாரத்துக்குள் நகரம் விழுந்தது. உள்ளே இருக்கிறவர்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். நேற்று அங்கே இருந்த மண்மேடு இன்று இன்னும் கிட்டே. சத்தம் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. மதிலில் ஒரு கல்கூடப் பெயரவில்லை, ஆனாலும் நாளுக்கு நாள் தெம்பு போகிறது. சொல்லின் இன்றைய பொருள் முழுக்க அந்தக் காட்சியிலேயே இருக்கிறது.

இதற்கு அண்ணன் முறையில் ஒரு சொல் உண்டு, 'அண்டர்மைன்'. அதுவும் பலவீனப்படுத்துவதுதான், அதுவும் முற்றுகைதான். ஆனால் பள்ளம் இல்லை, சுரங்கம். மதிலுக்கு அடியில் குடைந்து, மேலே விழாமல் மரத்தூண் முட்டுக் கொடுத்து, கடைசியில் தூண்களுக்குத் தீ வைப்பார்கள். முட்டு எரிந்ததும் மதில் சரியும். 1215இல் இங்கிலாந்தின் ராசெஸ்டர் கோட்டையில் ஜான் மன்னன் அந்தத் தீக்கு நாற்பது பன்றிகளின் கொழுப்பைப் பயன்படுத்தினான். இதை வகுப்பில் சொன்னால் 'அண்டர்மைன்' ஆயுசுக்கும் மறக்காது.

இன்னொரு விஷயம், நமக்கே சொந்தமானது. 'சாப்பர்' என்கிற பெயரை இருநூறு வருடமாகச் சுமந்துகொண்டிருப்பவர்களில் தமிழர்களும் உண்டு. 1780இல் சென்னை மாகாணப் படையில் பள்ளம் வெட்டவும் பாதை போடவும் தொடங்கிய பிரிவுதான் பிறகு மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆயிற்று. இன்றும் பெங்களூரில் அல்சூர் ஏரி பக்கம் அதன் தலைமையிடம் இருக்கிறது. அந்தச் சிப்பாய்களுக்குப் படையில் வழங்கும் செல்லப் பெயர் 'தம்பி'. கப்பலேறி இங்கே வந்து மம்பட்டி பிடித்தவர்களுக்கும் அங்கே மம்பட்டி பிடித்த அந்தத் தம்பிகளுக்கும் ஊர் ஒன்றாகக்கூட இருந்திருக்கும்.

படி 5: பொருள்களை வயது வரிசையில் அடுக்குங்கள்

ஒவ்வொரு பொருளும் முதன்முதலில் எழுத்தில் எப்போது கிடைக்கிறது என்று பெரிய அகராதிகள் ஆண்டு போடும். அதை வரிசையாக எழுதினால் சொல்லின் நடை தெரியும். பள்ளம் வெட்டும் பொருள் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில். உடலையோ மனதையோ மெல்லப் பலவீனப்படுத்தும் பொருள் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். இடையில் ஏறக்குறைய நூற்றைம்பது வருடம். மதிலுக்குச் சொன்னதை மனிதனுக்குச் சொல்ல அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

சரி, அப்படியென்றால் சாறு கதை முழுப் பொய்யா? இங்கேதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பொருள் மாறிய அந்த 18ஆம் நூற்றாண்டில், மரத்தின் சாற்றை வடித்துவிடுவது என்கிற பொருளிலும் 'சாப்' வினையாக ஆங்கிலத்தில் புழங்கியது. ஒரே ஒலி, ஒரே எழுத்து, இரண்டுமே எதையோ பலம் இழக்கச் செய்கின்றன. பேசுகிறவன் மனதில் இரண்டும் கலந்திருக்கும் என்று சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். வேர் மம்பட்டிதான். ஆனால் இன்று ஓர் ஆங்கிலேயர் 'வெயில் என் தெம்பைச் சாப் செய்தது' என்னும்போது அவர் மனதில் கோட்டை வருவதில்லை, ஏதோ உள்ளிருந்து வடிந்துபோவது போலத்தான் இருக்கும். எனக்கு நானே அரை மதிப்பெண் போட்டுக்கொண்டேன்.

பாட்டிக்கு முழு மதிப்பெண். அவர் சொன்னது தாவரவியலோடும் ஒத்துப்போகிறது. ரப்பர் பால் மரத்தின் சாறே இல்லை. வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறுவது கட்டைக்குள். இலையில் செய்த சர்க்கரை இறங்குவது உள்பட்டையில். ஆங்கிலத்தில் 'சாப்' என்பது இந்த இரண்டும்தான். பால் இருப்பது பட்டைக்குள்ளேயே தனியாக ஓடுகிற மெல்லிய குழாய்களில். அதற்கு ஆங்கிலத்தில் 'லேட்டக்ஸ்' என்று வேறு பெயர். காயத்தை அடைக்கவும் பூச்சியைத் தடுக்கவும் மரம் வைத்திருக்கிற சரக்கு அது, சாப்பாடு இல்லை. அந்தக் குழாய்கள் சற்றே சாய்ந்து வலப்பக்கமாக மேலேறுவதால்தான் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்குகிறது, அப்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபடும். விடியற்காலையில் வெட்டுவதும் சும்மா இல்லை. வெயில் ஏறுவதற்கு முன்தான் குழாய்களில் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். பட்டைக்கு உள்ளே, கட்டையை ஒட்டி, மரத்தை வளர்க்கிற மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. கத்தி அதைத் தொட்டால் பட்டை சரியாக மறுபடி வளராது, முண்டும் முடிச்சுமாக ஆகிவிடும். "கத்தி ஆழமாப் போனாத்தான் கெடும்" என்று பாட்டி சொன்னது இதைத்தான்.

ஆனால் மரத்தை உண்மையிலேயே 'சாப்' செய்யவும் முடியும். அளவுக்கு மேல் அடிக்கடி வெட்டினாலும், பால் கூடுதலாக வர மருந்தை வரம்பில்லாமல் தடவினாலும், ஒரு கட்டத்தில் வெட்டின இடத்தில் பாலே வராது. பட்டை வறண்டு போகும். இலை பச்சையாக இருக்கும், மரம் நிமிர்ந்து நிற்கும், கோப்பை மட்டும் காலியாக இருக்கும். வகுப்பில் இப்போது இந்த உதாரணத்தைத்தான் சொல்கிறேன்.

படி 6: காதுக்கு ஒரே மாதிரி கேட்டால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்

இந்த இடத்தில் தமிழ் வகுப்பில் யாராவது ஒருவர் கையைத் தூக்கியே தீருவார். 'சப்பு' என்றால் உறிஞ்சுவது. 'சப்பை' என்றால் சத்தில்லாதது. 'சாப்' தமிழிலிருந்துதானே போயிருக்கும்? வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வந்தால் நம்மில் பாதிப் பேர் யோசிக்காமல் அனுப்பிவிடுவோம். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது.

மூன்று கேள்வி கேளுங்கள். அந்தச் சொல்லின் மிகப் பழைய வடிவமும் இப்படித்தான் ஒலித்ததா? பழைய பொருளும் இதுதானா? போய்ச் சேர வழி இருந்ததா? 'சாப்' இரண்டாவதின் பழைய பொருள் உறிஞ்சுவது இல்லை, மண் வெட்டுவது. அங்கேயே விழுந்துவிடுகிறது. முதலாவதோ, கடல் வாணிபத்தில் போர்த்துகீசியர் நம் கரைக்கு வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் இருக்கிறது, அதன் சகோதரச் சொற்கள் ஜெர்மனியில் இருக்கின்றன. தமிழிலிருந்து உண்மையாகவே போன சொற்கள் இந்த மூன்று கேள்வியிலும் தேறும். கட்டுமரம் 'கேட்டமரன்' ஆயிற்று, சுருட்டு 'செரூட்' ஆயிற்று, மிளகுத்தண்ணி 'முல்லிகட்டானி' ஆயிற்று. பொருள் கப்பலில் போனது, பேர் கூடவே போனது, எழுத்தில் தடயமும் இருக்கிறது. இல்லாத பெருமையைத் தேட வேண்டிய நிலையில் நாம் இல்லை.

நினைவில் வைக்க மட்டும் 'சாப்பிட்டுவிட்டது' என்று சொல்லிக்கொள்ளுங்கள், தப்பில்லை. கடன் அவன் நிம்மதியைச் சாப்பிட்டுவிட்டது. மனப்பாட உத்தி வேறு, வரலாறு வேறு.

படி 7: தமிழில் ஒரே சொல்லைத் தேடாதீர்கள்

'பலவீனப்படுத்து' என்று எல்லா இடத்திலும் போட்டால் சாப்புக்குள் இருக்கிற மெதுவும் மறைவும் போய்விடும். நான் வாக்கியத்தைப் பார்த்து மாற்றுகிறேன். வெயில், காய்ச்சல் வந்தால் 'உறிஞ்சிவிட்டது': மத்தியான வெயில் இருந்த தெம்பையெல்லாம் உறிஞ்சிவிட்டது. சந்தேகம், வதந்தி, பொய் வந்தால் 'அரித்தது'. கரையான் கதவு நிலையை அரிப்பது மாதிரி, வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்க உள்ளே ஒன்றும் இருக்காது. பணம், சேமிப்பு என்றால் 'கரைத்தது'. நம்பிக்கை, உற்சாகத்துக்குக் 'குன்றச் செய்தது' எழுத்தில் நன்றாக இருக்கும், பேச்சில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

எறும்பூரக் கல்லும் தேயும் என்கிறோம். விடாமுயற்சியைப் புகழ்வதற்காக எறும்பின் பக்கம் நின்று சொன்ன பழமொழி. அதையே கல்லின் பக்கம் நின்று சொன்னால் 'சாப்'.

படி 8: எழுதிப் பாருங்கள்

இங்கே சிக்கல் குறைவு. இறந்த காலத்திலும் 'இங்' சேர்க்கும்போதும் பி இரண்டு தடவை வரும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எது குறைந்ததோ அதை நேராகப் பின்னால் போடலாம். இல்லை, ஆளை முதலில் சொல்லி, 'ஆஃப்' போட்டு, குறைந்ததைச் சொல்லலாம்: வெயில் அவனைச் 'சாப்ட்', 'ஆஃப்' தெம்பு என்கிற வரிசையில். 'எனர்ஜி-சாப்பிங்' என்று ஒட்டுப்போட்டு அடைமொழியாகவும் வைக்கலாம், நம் ஊர்ப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பொருத்தமான அடைமொழி. ஒரே அடியில், ஒரே நாளில் நடந்ததற்குப் போடாதீர்கள். நல்ல காரியத்துக்கும் போடாதீர்கள். மாணவன் ஒருவன், மருந்து கிருமியின் பலத்தைச் சாப் செய்தது என்று எழுதியிருந்தான். இலக்கணப் பிழை இல்லைதான். ஆனால் கேட்கும்போது ஐயோ பாவம் கிருமி என்று இருக்கும். இந்தச் சொல், பலம் இழக்கிறவர் பக்கம் சாய்ந்தே நிற்கிறது.

பழகிக்கொள்ள ஒரு சொல் தருகிறேன். பலவீனப்படுத்தும் கூட்டத்திலேயே 'எனர்வேட்' என்று ஒன்று இருக்கிறது. ஒலியைக் கேட்டு 'எனர்ஜி'யின் உறவு, தெம்பூட்டுவது என்று நினைப்பவர்கள் ஆங்கிலேயர்களிலேயே நிறையப் பேர். பொருள் நேர் எதிர், சோர்ந்துபோகச் செய்வது. லத்தீனில் 'நெர்வுஸ்' என்றால் தசைநார், அதை அறுத்து எடுத்துவிடுவதுதான் சொல்லின் உட்பொருள். நான் சொன்னதை அப்படியே நம்பாமல் முதல் படியிலிருந்து ஆறாம் படிவரை நீங்களே போய்ப் பாருங்கள்.

அது முடிந்த பிறகு 'எரோட்'. ஆங்கிலத்தில் எழுதினால் ஈரோடு ஊரின் அதே எழுத்துகள், ஆகவே ஆறாம் படியை முதலிலேயே ஞாபகப்படுத்துகிறேன். அந்தச் சொல்லின் வேரைத் தோண்டினால் ஊர் வராது, கடித்துக் கொறிப்பது என்கிற லத்தீன் வினை வரும். எலி இனத்துக்கு ஆங்கிலத்தில் இருக்கிற 'ரோடண்ட்' என்ற பெயரும் அங்கிருந்தே வந்தது. செம்பனைத் தோட்டத்தில் எலியைப் பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு, யார் எதைக் கொறிக்கிறார்கள் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.